பச்சிளங்குழந்தை ஆய்வு: முதல் குழந்தையைச் சேர்ப்பதற்கு முன் முடிக்க வேண்டிய வேலைகள்

பிறந்தவுடன் குழந்தைகளை ஆய்வில் சேர்த்து, ஒரு வயது, இரண்டு வயது வரை வளர்ச்சியைப் பார்க்கப்போகும் இளம் மருத்துவர்கள், நர்சிங் மற்றும் பிசியோதெரபி முதுநிலை மாணவர்களுக்காக இதை எழுதுகிறோம். பெரியவர்களிடம் செய்யும் ஆய்வில் ஒரு விவரம் விட்டுப்போனால் மறுநாள் போன் செய்து கேட்டுக்கொள்ளலாம். இங்கே அது நடக்காது. பிறந்தபோது எடுக்காத எடையைப் பிறகு எடுக்க முடியாது. நான்காம் மாதத்தில் பார்த்திருக்க வேண்டிய அசைவு ஆறாம் மாதத்தில் மறைந்திருக்கும். ஆகவே இந்த ஆய்வுகளில் பாதி வேலை முதல் குழந்தையைச் சேர்ப்பதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும்.

1. எந்த வயதில் அளப்பீர்கள் என்பதை முடிவு செய்து, பின்னோக்கி எண்ணுங்கள்

“குறைமாதக் குழந்தைகளின் வளர்ச்சி” என்பது தலைப்பு மட்டும்தான், அதை வைத்து ஆய்வைத் தொடங்க முடியாது. எந்தக் குழந்தைகள், எதனோடு எதை ஒப்பிடுகிறீர்கள், எந்தக் கருவியால், எந்த வயதில் என்ற நான்கும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும்.

அடுத்து காலண்டரை எடுங்கள். 28 வாரத்தில் பிறந்த குழந்தையைத் திருத்தப்பட்ட வயது (40 வாரம் நிறைந்து பிறந்திருந்தால் ஆகியிருக்கும் வயது) 12 மாதத்தில் பரிசோதிக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 40 வாரத்தை எட்டவே அதற்கு 12 வாரம் வேண்டும். ஆக, பிறந்ததிலிருந்து பரிசோதனை வரை சுமார் 15 மாதம். கையில் இருப்பது 36 மாதம் என்றால் ஆய்வுத் திட்டத்துக்கும் அனுமதிகளுக்கும் 8 மாதம், பகுப்பாய்வுக்கும் எழுதுவதற்கும் 4 மாதம் போகும். மீதி 24. அதில் 15 கழித்தால் குழந்தைகளைச் சேர்க்க 9 மாதம்தான் மிஞ்சும். உங்கள் பிரிவில் 9 மாதத்தில் தகுதியான குழந்தைகள் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதைப் பிரசவ ரெஜிஸ்டரைப் புரட்டி எண்ணுங்கள். நினைவிலிருந்து சொல்லும் எண்ணிக்கை எப்போதும் கூடுதலாகத்தான் இருக்கும். எண்ணிக்கை போதவில்லை என்றால் விளைவை முன்கூட்டியே தெரியக்கூடிய ஒன்றாக மாற்றுங்கள், அல்லது இன்னொரு மருத்துவமனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எந்த விளைவுகளை அளப்பது என்று நீங்களே புதிதாக யோசிக்க வேண்டியதில்லை. பெற்றோர், குறைமாதத்தில் பிறந்து வளர்ந்தவர்கள், செவிலியர், மருத்துவர் எல்லாரும் சேர்ந்து தேர்ந்த ‘காயின்’ என்ற பட்டியல் 2020இல் வெளியானது. உயிர்பிழைப்பு, செப்சிஸ் (ரத்தத்தில் பரவும் கடும் தொற்று), குடல் திசு அழுகும் அழற்சி நோய், ஸ்கேனில் தெரியும் மூளைப் பாதிப்பு, நாள்பட்ட நுரையீரல் நோய், விழித்திரைப் பாதிப்பு, பார்வை, செவித்திறன், இயக்கத்திறன், அறிவுத்திறன், வாழ்க்கைத் தரம், பாதகமான நிகழ்வுகள் என்று 12 விளைவுகள் அதில் உள்ளன. உங்கள் கேள்விக்குப் பொருந்துவதை அதிலிருந்து எடுத்தால், பின்னால் மற்றவர்கள் உங்கள் முடிவுகளைத் தங்கள் முடிவுகளோடு சேர்த்துப் பார்க்க முடியும்.

பலர் தடுக்கி விழும் இடம் மரணம். கர்ப்பகாலத்தோடு சேர்த்து எண்ணி 36 வாரத்தில் நுரையீரல் நோய் இருக்கிறதா என்று பார்க்கும் ஆய்வில், அதற்கு முன் இறந்த குழந்தைக்கு அந்த நோய் “இல்லை” என்று எழுதிவிடக் கூடாது. “மரணம் அல்லது நோய்” என்று சேர்த்து எண்ணுவதா, தனித்தனியாகக் காட்டுவதா என்பதை ஆய்வுத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள்.

2. வயதுக் கணக்கை எழுத்தில் வையுங்கள்

கெட்டுப்போன தரவுகளில் பெரும்பகுதி இங்கேதான் கெடுகிறது. பத்து நிமிட வேலைதான், ஆனால் எல்லாரும் தள்ளிப்போடுவார்கள்.

கர்ப்பகால வயது எதிலிருந்து எடுக்கப்பட்டது என்பதற்குத் தனி நெடுவரிசை வேண்டும். முதல் மூன்று மாத ஸ்கேனில், 13 வாரம் 6 நாளுக்குள், கருவின் தலையிலிருந்து பிட்டம் வரையான நீளத்தை அளந்து சொன்னதே நம்பகமானது. ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் சரியாக இருக்கும். அது இல்லாதபோது கடைசி மாதவிடாய்த் தேதி. இரண்டும் இல்லாதபோது குழந்தையைப் பார்த்துப் போடும் நியூ பல்லார்டு மதிப்பெண். அதில் இரண்டு வாரம் முன்பின்னாகலாம். மூன்றையும் ஒரே நெடுவரிசையில் கலந்தால், “32 வாரம்” என்ற இரண்டு குழந்தைகளுக்கு இடையே உண்மையில் மூன்று வார வித்தியாசம் இருக்கக்கூடும்.

36 வாரம் 6 நாளை 37 என்று எழுதாதீர்கள். நிறைவடைந்த வாரங்கள்தான் கணக்கு. 37 வாரம் நிறையவில்லை என்பதால் அந்தக் குழந்தை குறைமாதக் குழந்தைதான். வாரத்தை ஒரு கட்டத்திலும் நாளை இன்னொரு கட்டத்திலும் பதியுங்கள். “30-6” என்பது போல ஒரே கட்டத்தில் தட்டினால் சில விரிதாள் மென்பொருள்கள் அதைத் தேதியாக மாற்றிவிடும், நீங்கள் கவனிக்கவும் மாட்டீர்கள். மொத்த நாட்களாக மாற்றி வைத்தால் இன்னும் பத்திரம்: 36 வாரம் 6 நாள் 258; 37 வாரம் 259.

பிறந்த நாள் 0ஆம் நாளா, 1ஆம் நாளா? மருத்துவர் ஒரு மாதிரியும் செவிலியர் இன்னொரு மாதிரியும் எண்ணுவது சாதாரணமாக நடக்கிறது. “மூன்றாம் நாள் பிலிருபின்” (மஞ்சள் காமாலையைக் காட்டும் ரத்த அளவு) என்ற ஒரே பெயரில் 24 மணி நேரம் வித்தியாசப்பட்ட மாதிரிகள் சேர்ந்துவிடும். நாள் எண்ணை யாரும் கையால் எழுதவே வேண்டாம். பிறந்த தேதியும் நேரமும், மாதிரி எடுத்த தேதியும் நேரமும் மட்டும் பதிந்தால் போதும். வித்தியாசத்தைக் கணினி மணிக்கணக்கில் சொல்லும்.

திருத்தப்பட்ட வயது என்பது பிறந்ததிலிருந்து ஆன வாரங்களில், 40 வாரத்துக்கு எத்தனை வாரம் முன்னால் பிறந்ததோ அதைக் கழிப்பது. 30 வாரத்தில் பிறந்து இப்போது 26 வாரம் ஆன குழந்தைக்கு 26 − 10 = 16 வாரம். அம்மா “ஆறு மாசம்” என்பார். உங்கள் படிவத்தில் நான்கு மாதம்கூட ஆகியிருக்காது. இப்படித் திருத்துவதைப் பொதுவாக இரண்டு வயது வரை செய்கிறார்கள்.

3. எத்தனை குழந்தைகள் வேண்டும்

இந்தக் கணக்கைப் புள்ளியியலாளரிடம் விட்டுவிடலாம். இரண்டு விஷயங்களை மட்டும் நீங்களே பாருங்கள். முடிவில் 200 குழந்தைகள் வேண்டும், 20 சதவீதம் பேர் இடையில் விடுபடுவார்கள் என்றால் 240 பேரைச் சேர்ப்பது தவறு. 240இல் 20 சதவீதம் போனால் மிஞ்சுவது 192. 200ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும்: 250. அடுத்தது இரட்டையர். அவர்கள் ஒரே தாய், ஒரே கர்ப்பம் என்பதால் இரண்டு தனித்தனிக் குழந்தைகளாக எண்ணிவிட முடியாது. இருவரையும் ஒரே சிகிச்சைப் பிரிவில் போடுவீர்களா, தனித்தனியாகவா என்பதை முன்பே எழுதுங்கள். ஒரு குழந்தைக்கு ஒன்றும் இன்னொன்றுக்கு வேறொன்றும் கிடைப்பதைப் பெற்றோர் ஏற்பார்களா என்றும் யோசியுங்கள்.

4. எத்திக்ஸ் கமிட்டிக்கான ஆவணங்கள்

விண்ணப்பக் கட்டில் பொதுவாக இவை இருக்க வேண்டும்: ஆய்வுத் திட்டம், அதன் ஒரு பக்கச் சுருக்கம், பெற்றோருக்கான தகவல் தாள், ஒப்புதல் படிவம், இவை இரண்டின் மொழிபெயர்ப்பும் அது சரிபார்க்கப்பட்டதற்கான சான்றும், தரவுப் படிவம், பயன்படுத்தப்போகும் வினாத்தாள்கள், ஆய்வாளர்களின் தன்விவரக் குறிப்பு, நல்ல மருத்துவ ஆய்வு நடைமுறைப் பயிற்சிச் சான்றிதழ், துறைத்தலைவரின் ஒப்புதல், செலவுத் திட்டம், பணம் எங்கிருந்து வருகிறது என்ற விவரம். மருந்தோ கருவியோ சோதிப்பதாக இருந்தால் காப்பீடும் பாதுகாப்புக் கண்காணிப்புக் குழு விவரமும் கூடுதலாக வேண்டும். ஒவ்வொரு ஆவணத்தின் அடியிலும் பதிப்பு எண்ணும் தேதியும் போடுங்கள். மூன்றாவது திருத்தத்துக்குப் பிறகு எது அனுமதி பெற்ற படிவம் என்று தேடி அலைய வேண்டியிருக்காது.

கமிட்டிகள் பெரும்பாலும் மாதம் ஒருமுறை கூடும். கேள்விகளோடு ஒருமுறையாவது திருப்பி அனுப்புவார்கள் என்று வைத்து, அனுமதிக்கு மூன்று மாதம் ஒதுக்குங்கள்.

குழந்தைகள் ஆய்வில் தவறாமல் கேட்கப்படும் மூன்று கேள்விகளுக்கு முதல் பக்கத்திலேயே பதில் வையுங்கள். இதைப் பெரியவர்களிடமே செய்து பார்க்க முடியாதா? இந்தக் குழந்தைக்கு நேரடிப் பலன் உண்டா, இல்லையென்றால் ஆபத்து மிகக் குறைவானதுதானா? எவ்வளவு ரத்தம் எடுப்பீர்கள்?

கடைசிக் கேள்விக்கு “2 மி.லி.” என்று மட்டும் எழுதினால் போதாது. ஆய்வுக்காக எடுக்கும் ரத்தம் ஒரு தடவைக்கு மொத்த ரத்த அளவில் 1 சதவீதத்தையும், நான்கு வாரத்தில் 3 சதவீதத்தையும் தாண்டக் கூடாது என்பது ஐரோப்பிய வழிகாட்டுதல். குறைமாதக் குழந்தைக்குக் கிலோவுக்குச் சுமார் 90 மி.லி. ரத்தம் இருக்கும். ஒரு கிலோ குழந்தையிடம் ஒரு தடவைக்கு 0.9 மி.லி., நான்கு வாரத்தில் 2.7 மி.லி. அவ்வளவுதான். சிரிஞ்சிலும் குழாயிலும் வீணாவதும் இதில் அடங்கும். அந்த 2 மி.லி. இந்தக் குழந்தைக்கு இரண்டு மடங்குக்கும் மேல். உங்கள் ஆய்வகம் குறைந்தபட்சம் எவ்வளவு மாதிரியில் சோதனை செய்யும் என்பதைத் திட்டம் எழுதும் முன்பே கேட்டு வாருங்கள். சிகிச்சைக்காக எப்படியும் எடுக்கும் ரத்தத்தின் மீதியை வைத்தே வேலை முடியுமானால் குழந்தையை ஆய்வுக்கென்று தனியாகக் குத்தவே வேண்டாம்.

5. பெற்றோரின் ஒப்புதல்

பிரசவ வலியில் இருக்கும் பெண்ணிடம் கையெழுத்து வாங்காதீர்கள். சட்டப்படி செல்லுமா என்பது இருக்கட்டும், அவர் எதையும் கேட்கும் நிலையில் இல்லை. குறைமாதப் பிரசவ ஆபத்து உள்ள தாய்மார்களிடம் வார்டில் இருக்கும்போதே பேசி வைப்பது நல்லது. குழந்தை பிறந்தபின் மறுபடியும் ஒருமுறை கேளுங்கள். பெற்றோரில் ஒருவர் கையெழுத்து போதுமா, இருவரும் போட வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் கமிட்டியிடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். பிறந்த சில நிமிடங்களுக்குள் தொடங்க வேண்டிய ஆய்வுகளுக்குப் பின்னர் ஒப்புதல் பெறும் முறை சில இடங்களில் உண்டு. அதற்குத் தனி அனுமதி தேவை.

“இது வழக்கமான சிகிச்சைதான்” என்ற வாக்கியத்தில் கவனம் வையுங்கள். அமெரிக்காவில் 24 முதல் 27 வாரங்களில் பிறந்த 1,316 குழந்தைகளைச் சேர்த்த ‘சப்போர்ட்’ ஆய்வு, ரத்தத்தின் ஆக்சிஜன் செறிவை 85–89 சதவீதத்தில் வைப்பதையும் 91–95 சதவீதத்தில் வைப்பதையும் ஒப்பிட்டது. இரண்டுமே அன்று வழக்கத்தில் இருந்த அளவுகள். ஆனாலும் எந்தக் குழந்தைக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கல் முடிவு செய்தது. பார்வை இழப்பு, மரணம் ஆகியவற்றின் ஆபத்து அதனால் மாறக்கூடும் என்பதைப் படிவங்கள் போதுமான அளவு சொல்லவில்லை என்று அந்நாட்டு ஆய்வுப் பாதுகாப்பு அலுவலகம் 2013இல் எழுதியது. உங்கள் படிவத்தில் “இதில் சேர்ந்தால் உங்கள் குழந்தைக்கு என்ன மாறும்” என்ற தலைப்பில் ஒரு பத்தி இருக்கட்டும். படித்த பிறகு பெற்றோர் தங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லட்டும். மாட்டேன் என்றாலும் சிகிச்சையில் ஒரு குறையும் வராது என்பதைக் காகிதத்தில் எழுதினால் மட்டும் போதாது, வாயாலும் சொல்லுங்கள். கையெழுத்திட்ட ஒரு நகல் அவர்கள் கையில் போக வேண்டும்.

6. பதிவு

சிகிச்சையை ஒப்பிடும் ஆய்வு என்றால் முதல் குழந்தையைச் சேர்க்கும் முன்பே மருத்துவ ஆய்வுகளுக்கான பொதுப் பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். 2005 முதல் முன்னணி மருத்துவ இதழ்கள் இதை நிபந்தனையாக வைத்திருக்கின்றன. பிறகு பதிந்தால் எந்தக் காரணம் சொன்னாலும் எடுபடாது.

7. எடை, நீளம், தலைச்சுற்றளவு

எளிது என்று நினைத்துப் பயிற்சி இல்லாமல் விடப்படுவது இதுதான்.

எடை: பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் எடுப்பதே பிறப்பு எடை. முதல் சில நாட்களில் 7 முதல் 10 சதவீதம் வரை எடை குறைவது இயல்பு என்பதால், மூன்றாம் நாள் எடையைப் பிறப்பு எடை என்று எழுதினால் 2,600 கிராம் குழந்தை “எடை குறைந்தது” ஆகிவிடும். தராசு 10 கிராம் அல்லது அதைவிட நுட்பமாகக் காட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் பூஜ்யம் பார்த்து, டயப்பர் கழற்றி எடுங்கள். தெரிந்த எடைக்கல்லை வாரம் ஒருமுறை வைத்துப் பார்த்து ரெஜிஸ்டரில் எழுதுங்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒயர், கைக்கட்டை, டியூப் இவற்றின் எடையைத் தனியாக நிறுத்து ஒரு பட்டியலாகச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

நீளம்: இரண்டு பேர் இல்லாமல் எடுக்க வேண்டாம். ஒருவர் குழந்தையின் உச்சி தலைப்பலகையைத் தொடும்படி, பார்வை நேர்மேலே இருக்கும்படி தலையைப் பிடிக்க வேண்டும். மற்றவர் முழங்கால்களை மெதுவாக அழுத்தி நீட்டி, பாதம் பலகையில் தட்டையாகப் பதிந்து விரல்கள் மேல்நோக்கி இருக்கும்போது அளவைப் படிக்க வேண்டும். ஒரு காலை மட்டும் நீட்டிப் படித்தால் அளவு தவறும். துணி டேப்பைக் குழந்தையின் பக்கத்தில் வைத்து எடுத்த நீளம் எதற்கும் உதவாது.

தலை: நீளாத டேப். புருவத்துக்கு மேலும் பின்மண்டையின் துருத்திய பகுதியிலும் சுற்றி, கிடைக்கும் அளவுகளில் பெரியதை எழுதுங்கள். பிரசவத்தில் தலை வீங்கியோ நெளிந்தோ இருந்தால் ஓரிரு நாள் கழித்து மறுபடி எடுத்து, இரண்டையும் தேதியோடு பதியுங்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2006 வளர்ச்சித் தரநிலைக்காக ஆறு நாடுகளில் அளவெடுத்தபோது ஒவ்வொரு குழந்தையையும் இருவர் தனித்தனியாக அளந்தார்கள். வித்தியாசம் எடையில் 100 கிராம், நீளத்தில் 7 மி.மீ., தலையில் 5 மி.மீ. தாண்டினால் மறுபடி எடுத்தார்கள். நீளத்துக்கும் தலைக்கும் அதே வரம்பை வைத்துக்கொள்ளலாம். ஒரு கிலோ குழந்தைக்கு 100 கிராம் என்பது பத்தில் ஒரு பங்கு, ஆகவே எடைக்கு மட்டும் இன்னும் இறுக்கமான வரம்பை நீங்களே வையுங்கள். மாதம் ஒருமுறை நீள அளவுகளின் கடைசி இலக்கத்தை வரிசையாகப் பாருங்கள். 0, 5 மட்டுமே அதிகம் தெரிந்தால் யாரோ மனக்கணக்கில் முழுமையாக்கி எழுதுகிறார்கள்.

எந்தத் தரநிலையோடு ஒப்பிடுவது? பிறப்பில் 2014இல் வந்த இன்டர்குரோத்-21, குறைமாதக் குழந்தைக்குக் கர்ப்பகாலத்தோடு சேர்த்து 50 வாரம் வரை ஃபென்டன் வளர்ச்சி வரைபடம், அதன்பின் உலக சுகாதார நிறுவனத் தரநிலை என்பது ஒரு நல்ல வரிசை. உலக சுகாதார நிறுவனத்தின் இலவச ஆன்த்ரோ மென்பொருளில் குறைமாதக் குழந்தையின் உண்மையான பிறந்த தேதியைக் கொடுத்தால், திருத்தாத வயதுக்குக் கணக்கிட்டு, பல குழந்தைகளை வளர்ச்சி குன்றியவர்களாகக் காட்டும். பிரசவ எதிர்பார்ப்புத் தேதியைக் கொடுங்கள்.

8. குதிகால் ரத்தம்

குதிகாலின் உள்ளங்காலடிப் பக்க ஓரங்களில் மட்டும் குத்த வேண்டும். பின்புற வளைவிலோ நடுவிலோ கூடாது. ஆழம் 2.4 மி.மீ. தாண்டக் கூடாது, குறைமாதக் குழந்தைக்கு இன்னும் குறைவு. குதிகாலை முன்பே வெதுவெதுப்பாக்குங்கள், முதல் துளியைத் துடைத்துவிடுங்கள். பிழிந்து எடுத்தால் சிவப்பணுக்கள் உடைந்து பொட்டாசியம் பொய்யாக உயரும். ரத்தத்தை உறிஞ்சும் காகித அட்டையில் ஒரு வட்டத்துக்கு ஒரே துளி. மேலே இன்னொன்று வைக்காதீர்கள். கிடைமட்டமாக, வெயில் படாமல், குறைந்தது மூன்று மணி நேரம் காய்ந்த பிறகே உறையில் போட வேண்டும். தாய் பால் கொடுத்தபடியோ மார்போடு அணைத்தபடியோ இருக்கும்போது குத்தினால் வலி குறையும். இதை ஆய்வுத் திட்டத்தில் ஒரு வரியாகச் சேருங்கள், செவிலியருக்கும் அது அனுமதியாக இருக்கும்.

9. வளர்ச்சி மதிப்பீடு

கருவியைத் தேர்வது பணத்தையும் பயிற்சியையும் பொறுத்தது. குழந்தையை நேரில் சோதிக்கும் பெய்லி மதிப்பீட்டுக்கு உரிமம் வாங்க வேண்டும், பதிவுத்தாள்களை விலைக்கு வாங்க வேண்டும் (நகலெடுப்பது உரிமை மீறல்), பயிற்சி பெற்றவர் வேண்டும், ஒரு குழந்தைக்கு ஒன்றரை மணி நேரம் வரை ஆகும். ஏ.எஸ்.க்யூ. பெற்றோரே நிரப்பும் வினாத்தாள். 10 முதல் 15 நிமிடம். ஒவ்வொரு வயதுக்கும் தனித்தாள் உண்டு. மூன்று வாரமோ அதற்கு மேலோ முன்னதாகப் பிறந்தவர்களுக்கு இரண்டு வயது வரை திருத்தப்பட்ட வயதின் தாளைக் கொடுக்க வேண்டும். தவறான தாளைக் கொடுப்பதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் பிழை. ஹைன் என்ற நரம்பியல் பரிசோதனை 2 முதல் 24 மாதம் வரை, 26 அம்சங்கள், மொத்தம் 78 மதிப்பெண்.

குழந்தையின் இயல்பான அசைவுகளைப் பார்த்து மதிப்பிடும் பிரெக்டல் முறையில் படம்பிடிப்பதாக இருந்தால், ஃபிட்ஜெட்டி எனப்படும் சின்னச்சின்னத் தொடர் அசைவுகள் தெரிவது திருத்தப்பட்ட வயது 9 முதல் 20 வாரத்துக்குள்தான். குழந்தை விழித்து, அழாமல், மல்லாந்து படுத்திருக்க வேண்டும். வாயில் சூப்பான், கண்முன் பொம்மை, பக்கத்தில் கொஞ்சும் பாட்டி மூன்றும் இருக்கக் கூடாது. 3 முதல் 5 நிமிட வீடியோ போதும்.

மதிப்பிடுபவருக்குக் குழந்தை எந்தப் பிரிவில் இருந்தது என்று தெரியக் கூடாது. அம்மாவிடமே “எதுவும் சொல்லாதீர்கள்” என்று முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். காய்ச்சலிலோ தூக்க நேரத்திலோ வந்த குழந்தையைச் சோதிக்காமல் வேறு நாள் கொடுங்கள். வேறொரு நாட்டுக் குழந்தைகளை வைத்து வகுத்த சராசரி மதிப்பெண் 100 உங்கள் குழந்தைகளுக்குப் பொருந்தும் என்று எண்ணாதீர்கள். அதே மதிப்பீட்டாளர்கள் பார்த்த நிறைமாத ஒப்பீட்டுக் குழு ஒன்று இருப்பது பெரிய பலம்.

10. ஃபாலோ-அப்

டிஸ்சார்ஜ் அன்று குறைந்தது மூன்று எண்களை வாங்குங்கள்: தாய், தந்தை, வேறு வீட்டில் வசிக்கும் ஒரு உறவினர். அங்கேயே போன் அடித்துப் பாருங்கள். குழந்தை “இன்னாரின் குழந்தை” என்று பதிவாகிப் பிறகு பெயர் மாறும், வேறு மருத்துவமனைக்குப் போனால் நோயாளி எண்ணும் மாறும். ஆய்வு எண் ஒன்றே எல்லாத் தாளிலும் இருக்க வேண்டும். பெயரையும் எண்ணையும் இணைக்கும் பட்டியல் தனிப் பூட்டில் இருக்கட்டும்.

வருகைக்கு முன் நினைவூட்ட அழைக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் மருத்துவமனையின் இறப்புப் பதிவேட்டைப் பாருங்கள். குழந்தையை இழந்த தாயிடம் “பாப்பாவைக் கூட்டிட்டு வாங்க” என்று ஒரு போன் போவது பொறுக்க முடியாத கொடுமை. இரண்டு நிமிடம் செலவழித்தால் தவிர்க்கக்கூடியது.

விடுபடுபவர்கள் ஒரே மாதிரியானவர்கள் அல்ல. நன்றாக வளரும் குழந்தையைக் கூட்டிவரத் தேவையில்லை என்று சிலர் நினைப்பார்கள்; கடுமையாகப் பாதிக்கப்பட்ட குழந்தையைத் தூக்கிக்கொண்டு வரச் சிலரால் முடியாது. வந்தவர்களையும் வராதவர்களையும் பிறப்பு எடை, கர்ப்பகால வயது, தாயின் கல்வி ஆகியவற்றில் ஒப்பிட்டு அட்டவணை போடுங்கள்.

11. செலவு

எல்லாரும் எழுதுவது கருவியும் ஆய்வகக் கட்டணமும். எழுத மறப்பவை: குடும்பத்தின் போக்குவரத்துச் செலவு, ஒரு நாள் கூலி இழப்புக்கான ஈடு, மொழிபெயர்ப்பும் மறுமொழிபெயர்ப்பும், மதிப்பீட்டாளர் பயிற்சி, நகலெடுக்க முடியாத படிவங்கள், ஆழ்குளிர் பெட்டி, போன் கட்டணம், ஆய்வுச் செவிலியரின் கடைசி ஆறு மாதச் சம்பளம். நிதி, குழந்தைகளைச் சேர்க்கும் காலத்தோடு முடிந்துவிடும் திட்டங்கள் ஏராளம். ஆனால் ஃபாலோ-அப் செலவு அப்போதுதான் உச்சத்துக்குப் போகும். பணம் போதவில்லை என்றால் குழந்தைகளின் எண்ணிக்கையை அப்படியே வைத்து வருகைகளைக் குறையுங்கள். 12 மாதத்தில் ஒரே ஒரு முழுமையான வருகை, அரைகுறையான நான்கு வருகைகளைவிட மேல்.

12. முதல் பத்துக் குழந்தைகளுக்குப் பின் நிறுத்திப் பாருங்கள்

பத்துப் பேரின் படிவங்களையும் மேசையில் பரப்புங்கள். காலியாக உள்ள கட்டங்கள் எவை? பிறந்த நேரம் எல்லாரிடமும் இருக்கிறதா? ஒப்புதல் தேதி, சேர்த்த தேதிக்கு முன்னால் இருக்கிறதா? தகுதியிருந்தும் சேராதவர்களின் பட்டியலில் காரணம் எழுதப்பட்டிருக்கிறதா? ஒரே கேள்விக்கு இரண்டு செவிலியர் இரண்டு விதமாகப் பதில் எழுதியிருந்தால் பிழை கேள்வியில் இருக்கிறது. படிவத்தைத் திருத்துங்கள், ஆனால் திருத்திய படிவத்தைப் புதிய பதிப்பு எண்ணோடு கமிட்டிக்கு அனுப்பி, பதில் கையில் வந்த பிறகே பதினோராவது குழந்தைக்குப் பயன்படுத்துங்கள்.